பார்த்து எழுதியது

காரைக்குடி
12.8.2024

மெய்யநாதன் ஐயாவுக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் முகவரி மட்டும் தெரியும். அது எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே இருப்பீர்கள்.

சென்னையில் இருக்கும் என் பதிப்பாளர் வெங்கட்ராமனுக்குப் போன மாதம் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. பதினான்கு பக்கம். ‘ஏழு கட்டு நகரம் என்னும் நாவலில் பிற நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை’ என்று தலைப்பு. ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை எண். ஒவ்வொன்றுக்கும் என் புத்தகத்தில் பக்கம், வரி, அது எந்த ஆங்கில மந்திர நாவலில் இருக்கிறது என்னும் விவரம். கீழே கையெழுத்து இல்லை. ஆனால் அதைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பியிருக்கிறீர்கள். அட்டை உங்களிடம் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்று பெயர், கதவு எண், தெரு, கண்டரமாணிக்கம், பின்கோடு எல்லாவற்றையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அவர் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்; கடிதத்தைப் படித்ததும் படத்தை எனக்கு அனுப்பினார். மொட்டைக் கடிதத்துக்கு ஒப்புகை அட்டை வைத்தவர் இந்த மாவட்டத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். வயது இருபத்திரண்டு என்பதையும் முதல் பக்கத்திலேயே குறிப்பிட்டிருக்கிறீர்கள், அதுவும் ஒரு குற்றம் போல. உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. முதல் புத்தகம் அறுநூறு பிரதி விற்றுத் தீர்ந்துவிட்டது. அதன் மறுபதிப்பும் இரண்டாம் புத்தகமும் சேர்ந்து ஜனவரி புத்தகக் காட்சிக்கு வருவதாக இருந்தது. உங்கள் கடிதத்துக்குப் பிறகு வெங்கட்ராமன் இரண்டையும் நிறுத்திவிட்டார். ‘இது தீர்ந்த பிறகு பார்க்கலாம்மா’ என்கிறார். இரண்டாம் புத்தகம் எனக்கு இரண்டரை வருடம்.

நாற்பத்தொன்றுக்கும் பதில் எழுத எனக்கு நேரமில்லை. இரண்டுக்கு மட்டும் எழுதுகிறேன்.

பதினொன்று. ஒரு தெருவில் நுழைந்து வேறு தெருவில் வெளியேறும் வீட்டை ஆங்கிலத்திலிருந்து எடுத்தேன் என்கிறீர்கள். ஐயா, நான் ஆறு வருடம் பள்ளிக்கூடத்துக்குப் போனதே அப்படி ஒரு வீட்டின் வழியாகத்தான். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் இன்னொரு தெரு. காவலுக்கு இருந்த மாயக்கண்ணன், “செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஓடு தாயி, மொதலாளி வந்தா எனக்குல்ல ஏச்சு” என்பார். காரைக்குடியில் பாதி வீடு அப்படித்தான். நீங்கள் இருப்பதும் அப்படி ஒரு வீடாகத்தான் இருக்கும்.

இருபத்துமூன்று. மஞ்சள் தண்ணீர் குடித்த சிறுவன், அதுவரை அம்மா என்று கூப்பிட்டவளை அன்றிலிருந்து சித்தி என்று கூப்பிடுகிறான். இதை ‘ஆங்கில நாவல்களில் வரும் மறதிப் பானத்தின் நேர் நகல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னோடு படித்த தேனம்மையின் அண்ணனைத் தேவகோட்டையில் பிள்ளையில்லாத ஒரு வீட்டுக்குத் தத்துப் பிள்ளையாகக் கூட்டினார்கள். மஞ்சள் நீர் கொடுத்துத்தான் கூட்டினார்கள். உங்கள் பெயரைப் பார்த்தால் நீங்களும் நகரத்தார் என்று தெரிகிறது. உங்கள் வீட்டு வழக்கத்தை இங்கிலாந்தில் போய்த் தேடியிருக்கிறீர்கள்.

பதினைந்து நாளுக்குள் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக வெங்கட்ராமனுக்கு எழுதுங்கள். இந்த முறை பெயர் போட்டு.

சுஹானா


கண்டரமாணிக்கம்
19.8.2024

செல்வி சுஹானா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் 14-ஆம் தேதி பகல் பதினொன்றரைக்குக் கிடைத்தது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. இதுவும் சரியாக வரவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

கையெழுத்துப் போடாதது தவறு. அதற்கு வருந்துகிறேன். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்; கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவும் வேண்டும் என்று நினைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவராது என்பது, தாங்கள் எழுதிய பிறகுதான் எனக்குப் புலப்பட்டது. இதை மற்றவர்களிடம் சொல்லிச் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சிரித்தாலும் நான் என்ன செய்ய முடியும்.

கையெழுத்துப் போடாததற்குத்தான் வருந்துகிறேன், கடிதத்துக்கு அல்ல. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு கல்லூரி நூலகத்தில் பணியாற்றினேன். ஒரு நூல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. தங்கள் நாவலை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை நன்றாக இருந்தது. அதனால்தான் இரண்டாம் முறை வாசித்தேன்.

எண் 11-ஐத் திரும்பப் பெறுகிறேன். தாங்கள் ஊகித்தது போலவே என் வீட்டுக்கும் இரண்டு தெரு.

எண் 23 குறித்து நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. அது பற்றித் தாங்கள் வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எண் 8 நிற்கிறது. பக்கம் 209 முதல் 211 வரை. இருண்ட ஏழாம் கட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் எரியும் மண் விளக்குகள்; அவற்றுள் ஒன்று தன் பெயரை மறந்து, திரி வளைந்து, மூலையில் அழுவது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்திலிருந்து தமிழில் சுருக்கமாக வந்த ஒரு சிறுவர் நாவலில் இது இருக்கிறது. கருத்து மட்டுமன்று, வாக்கியங்களும் இருக்கின்றன. அந்தப் பக்கங்களின் நகலை இணைத்திருக்கிறேன். தங்கள் வரிகளுக்குச் சிவப்பிலும் அவர்கள் வரிகளுக்கு நீலத்திலும் அடிக்கோடிட்டுள்ளேன். ஏழு இடங்களில் இரண்டு கோடும் ஒரே சொல்லின் கீழ் வருகின்றன.

தாங்கள் நாற்பத்தொன்றில் இரண்டுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டில் இது இல்லை.

லெ. மெய்யநாதன்


காரைக்குடி
25.8.2024

மெய்யநாதன் ஐயாவுக்கு,

நகலை நான் பார்க்கவில்லை. உறையோடு அலமாரியில் வைத்துவிட்டேன். சிவப்புக் கோடு போட்டு எனக்குத் தாள் திருத்த நீங்கள் என் வாத்தியார் இல்லை.

யாரிடமும் விசாரிக்க வேண்டாம் என்று எழுதினீர்களே, அதனால்தான் விசாரித்தேன். விசாரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எங்கள் அம்மா தைக்கிற கடைக்குக் கண்டரமாணிக்கத்திலிருந்து விசாலி என்று ஒருவர் ரவிக்கை தைக்க வருவார். அம்மா உங்கள் பெயரைச் சொன்னதும் அவரே பேச ஆரம்பித்துவிட்டாராம்.

“யாரு, லைப்ரரி செட்டியாரா? அவுக கூட்டுன பிள்ளைல்ல. நாச்சியாபுரத்துலேருந்து கூட்டியாந்தாக. சின்னப் பிள்ளையில வந்தவுக, இன்னமும் விருந்தாடி கணக்கா ஓரமாத்தான் நடந்து போவாக.”

அம்மா இதை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு, “பாவம், விடேன் சுஹானா, வயசானவுக” என்றார்கள். நான் விடுவதாக இல்லை.

உங்களுக்கே மஞ்சள் நீர் கொடுத்துக் கூட்டியிருக்கிறார்கள். அதே காட்சியை என் புத்தகத்தில் படித்துவிட்டு வெள்ளைக்காரன் எழுதியது என்று பக்கம், வரியோடு எழுதியிருக்கிறீர்கள். தன் வாழ்க்கை எதிரே வந்து நின்றாலே அடையாளம் தெரியாதவருக்கு என் நாவல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் எப்படித் தெரியும்?

இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

சுஹானா


கண்டரமாணிக்கம்
3.9.2024

செல்வி சுஹானா அவர்களுக்கு,

தாங்கள் குறித்த கெடு முடிந்து ஆறு நாள் ஆகிறது. தாமதம் நோயினால் அல்ல. எழுத முடியவில்லை.

தாங்கள் எழுதியது உண்மை. அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளிக் கிண்ணத்தில் கொடுத்தார்கள். சற்றுக் கசந்தது. என்னைப் பெற்றவர் ஊருக்குத் திரும்ப வண்டியில் ஏறும்போது நான் “ஆத்தா” என்று கூப்பிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள், “சின்னாத்தான்னு சொல்லுங்க தம்பி” என்றார்கள். திருத்திச் சொன்னேன். அதன் பிறகு தவறியதில்லை.

தங்கள் நாவலில் அந்த இடம் வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். மறுநாள் திறந்து, இது எங்கோ வாசித்தது என்று முடிவு செய்துகொண்டேன். தேடினேன், கிடைத்தது. தேடினால் எதற்கும் ஏதாவது கிடைத்துவிடும். அது என் தொழிலில் உள்ள கோளாறு. அதை இத்தனை நாள் நான் ஒப்புக்கொண்டதில்லை.

இதைத் தங்களிடம் சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. தையல் கடையில் பேசப்பட்டதைவிட நான் சொன்னது சரியாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். விசாலி என்பவரை எனக்குத் தெரியாது. நான் ஓரமாக நடப்பது மோட்டார் சைக்கிள்களுக்குப் பயந்து.

நான் ஏன் இந்த வேலையில் இறங்கினேன் என்று தாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். 1981-இல் நானும் ஒரு நாவல் தொடங்கினேன். முதல் வரியை எழுதியதும் எங்கோ படித்ததாகப் பட்டது. நூலகத்திலேயே இருந்ததால் தேடினேன். பதினோராம் நாள் அகப்பட்டது. அடித்துவிட்டு வேறு வரி எழுதினேன். அதற்கும் ஒருவர் இருந்தார். இன்று என்னிடம் அறுபத்துநான்கு முதல் வரிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் கீழும் அதன் உண்மையான சொந்தக்காரர் பெயரோடு. இரண்டாம் வரி என்று ஒன்று கிடையாது. தாங்கள் இருபத்திரண்டு வயதில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி, முன்னுரையில் ‘இது முழுக்க என் கற்பனை’ என்று போட்டிருந்தீர்கள். அந்த வரியைப் பொறுக்க முடியவில்லை. இது நல்ல காரணம் அல்ல என்று எனக்குத் தெரியும்.

நாற்பத்தொன்றையும் மறுபடி பார்த்தேன். மலை, கடல், பேசும் பறவை, தொலைந்த அரசன். இவை யாருக்கும் சொந்தமில்லை. நாற்பதைத் திரும்பப் பெறுவதாகப் பெயரும் முகவரியும் இட்டுப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். நகல் இத்துடன்.

எண் 8-ஐத் திரும்பப் பெறவில்லை. தாங்கள் அந்த உறையைத் திறக்காமல் வைத்திருப்பது எனக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது. அது தவறாகவும் இருக்கலாம்.

லெ. மெய்யநாதன்


காரைக்குடி
22.9.2024

மெய்யநாதன் ஐயாவுக்கு,

திறந்தேன்.

தேவகோட்டையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தபோது, எட்டாம் வகுப்பில், அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறேன். அட்டை இருக்காது, முதல் பத்துப் பக்கமும் இருக்காது. அதனால் பேரும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. உங்கள் நகலில் மூன்றாவது தாளைப் பார்த்தபோது அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருந்த எண்ணெய்க் கறைகூட ஞாபகம் வந்தது. ஆனால் எழுதும்போது எதுவும் ஞாபகம் இல்லை. திரி வளைந்த விளக்கு நான் கண்டுபிடித்தது என்று யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பேன். செய்தும் இருக்கிறேன், போன ஜனவரியில் ஒரு பேட்டியில். ‘அது ஒரு மழை நாளில் தானாக வந்தது’ என்று சொன்னேன். அந்தக் காணொளி இன்னும் இருக்கிறது.

அன்று சாப்பாட்டை வைத்துக்கொண்டு அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கேட்டார்கள்: “என்னத்தா, சோறு காயுது.”

“அந்தக் கெழவரு சொன்னது சரிதாம்மா.”

“எல்லாமுமா?”

“ஒன்னு.”

“ஒன்ன வச்சுக்கிட்டா நாப்பத்தொன்னு எழுதுனாக? எங்க கடையில ஒரு ரவிக்கைல கைப்பொருத்தம் சரியில்லன்னா அந்த ஒன்னத்தான் பிரிப்போம். கடையவா இழுத்து மூடச் சொல்லுவாக?”

நான் சொல்ல வந்ததும் இதுதான். அந்த ஒன்று சரி என்பதால் நீங்கள் செய்தது சரியாகிவிடாது. என் முகவரி புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு கார்டு போட்டிருக்கலாம். ‘பக்கம் 209, இதைப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும், வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. என்னைப் பற்றி இன்னொருவரிடம் சொன்னீர்கள். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதுகிறவளைவிட, எழுந்து நின்று சாரிடம் போட்டுக்கொடுக்கிறவளைத்தான் எங்களுக்குப் பிடிக்காது.

உங்கள் அறுபத்துநான்கு வரிகளுக்கு நான் பொறுப்பில்லை. அதற்காக என்னிடம் இரக்கம் எதிர்பார்த்து எழுதியிருந்தால், வரவில்லை.

வெங்கட்ராமனிடம் நானே சொல்லிவிட்டேன். அந்த மூன்று பக்கத்தை எடுத்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். அவர் பயந்த மனிதர். ‘குறை சொன்ன பெரியவர் புதுப் பக்கங்களைப் படித்துவிட்டுச் சரி என்று கையெழுத்துப் போட்டுத் தந்தால் அச்சுக்குக் கொடுக்கிறேன்’ என்கிறார். நவம்பர் கடைசிக்குள் வேண்டுமாம். உங்களிடம் நான் கையெழுத்துக்கு நிற்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சுஹானா


கண்டரமாணிக்கம்
30.9.2024

செல்வி சுஹானா அவர்களுக்கு,

சந்தோஷமாக இல்லை.

தங்களுக்கே முதலில் எழுதியிருக்கலாம் என்பது சரி. எழுதவும் செய்தேன். மே மாதம் 6-ஆம் தேதியிட்ட கார்டு ஒன்று என் மேசையில் இருக்கிறது. ‘பக்கம் 209’ என்றுதான் தொடங்குகிறது. அனுப்பவில்லை. தாங்கள் பதில் எழுதிவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது. பதிப்பகம் பதில் எழுதாது என்று எனக்குத் தெரியும்.

முன்பு விற்ற அறுநூறு பிரதிகளில் அந்த மூன்று பக்கங்கள் அப்படியே இருக்கின்றன என்பதையும், அந்தப் பேட்டியையும் தாங்கள் யோசித்திருப்பீர்கள். நான் நினைவூட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டாலும் சரி.

ஒரு யோசனை. நூலின் இறுதியில், தங்கள் கதைக்கு எந்தெந்த நூல்கள் துணை நின்றன என்று ஒரு பட்டியல் சேர்க்கலாம். என்னிடம் எல்லாம் தயாராக இருக்கிறது. அகரவரிசைப்படுத்த இரண்டு நாள் போதும்.

புதுப் பக்கங்களை அனுப்புங்கள். வாசிக்காமல் கையெழுத்திட மாட்டேன். வாசித்தாலும் இடுவேன் என்று இப்போதே சொல்ல இயலாது.

லெ. மெய்யநாதன்


காரைக்குடி
4.11.2024

மெய்யநாதன் ஐயாவுக்கு,

பட்டியல் வேண்டாம். என் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் பந்தி எண்ண வேண்டாம்.

மூன்று பக்கம் இத்துடன். ஐந்து வாரம் ஆனது. முதல் மூன்று வாரம் ஒரு வரியும் வரவில்லை. எது எழுதினாலும், இதை எங்கே படித்தோம் என்று தோன்றியது. எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன். அந்த வியாதி உங்களிடமிருந்து தொற்றியதுதான். அதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

தேடுங்கள். நவம்பர் 25-க்குள் முடிவைச் சொல்லுங்கள்.

சுஹானா


கண்டரமாணிக்கம்
20.11.2024

செல்வி சுஹானா அவர்களுக்கு,

புதுப் பக்கங்களைப் பதினான்கு நாள் வைத்திருந்தேன்.

விளக்குகள் போய்விட்டன. இப்போது ஏழாம் கட்டுக்குள் ஒரு வெளிச்சமும் இல்லை, குளிர் மட்டும் இருக்கிறது. பின்னால் கதவு மூடிக்கொள்கிறது. அந்தப் பெண் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள். பயம் தெரியாமலிருக்கத் தன் ஊர்க் கடைத்தெருவில் உள்ள கடைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். வளையல் கடை, அதை ஒட்டிப் பாய்க்கடை, படி இறங்கினால் எண்ணெய்க் கடை. ஒரு கடையின் பெயர் மறந்துபோகும்போது அங்கேயே நின்றுவிடுகிறாள். பெயர் வரும்வரை அடுத்த அடி வைக்க முடியவில்லை.

மந்திர நாவல்களில் தேடினேன். இல்லை. சிறையில் இருந்தவர்கள் எழுதிய நினைவுகள், சுரங்க விபத்துகள், கப்பல் கதைகள், கண் தெரியாதவர்களின் சுயசரிதைகள் எல்லாம் பார்த்தேன். காரைக்குடிக்கு வந்து, எனக்குப் பின் வந்தவர்களிடம் அனுமதி கேட்டு, கல்லூரி நூலகத்திலும் இரண்டு நாள் உட்கார்ந்தேன். அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

பதிப்பாளருக்குக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். ‘எந்த நூலிலும் இதற்கு மூலம் காணவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து, அது என் வேலை அல்ல என்று பட்டதால் எடுத்துவிட்டேன்.

லெ. மெய்யநாதன்


காரைக்குடி
24.11.2024

மெய்யநாதன் ஐயாவுக்கு,

வெங்கட்ராமன் நேற்றுப் பேசினார். இரண்டு புத்தகமும் டிசம்பர் பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. இனிமேல் நீங்கள் எதையும் நிறுத்த முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த மூன்று பக்கத்தில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. என்னைப் பெற்ற அத்தா இனாமுல் ஹசன் ஷார்ஜாவில் மீன் கம்பெனியின் குளிர்க்கிடங்கில் வேலை பார்க்கிறார். போய்ச் சேர்ந்த முதல் வருடம் கதவு தானாக மூடிக்கொண்டு உள்ளே மாட்டிக்கொண்டார். விளக்கும் போய்விட்டது. நாற்பது நிமிடம். நம் ஊர்க் கடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு சுவரைத் தடவியே கதவுக்கு வந்தார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஃபோனில் சொன்னார். அதை அப்படியே எழுதினேன். பாய்க்கடை, எண்ணெய்க் கடை எல்லாம் அவர் சொன்ன வரிசை.

பதினான்கு நாள் உலகத்துப் புத்தகங்களையெல்லாம் புரட்டிவிட்டு ‘மூலம் காணவில்லை’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். படித்ததை மறந்து விளக்கை எடுத்தேன், நீங்கள் பிடித்தீர்கள். இதைத் தெரிந்தே எடுத்தேன், உங்களால் பிடிக்க முடியவில்லை. உங்கள் முப்பத்திரண்டு வருட வேலை இவ்வளவுதான்.

சுஹானா


கண்டரமாணிக்கம்
27.11.2024

செல்வி சுஹானா அவர்களுக்கு,

தாங்கள் சொல்வது சரி. மனிதர்கள் சொன்னதை வைக்க நூலகத்தில் அலமாரி கிடையாது. பதிப்பாளருக்கு நான் இனி எதுவும் எழுதப் போவதில்லை.

நூலில் அவர் பெயர் எங்கே இருக்கிறது? அந்தப் பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டினீர்களா?

இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

லெ. மெய்யநாதன்


காரைக்குடி
9.12.2024

மெய்யநாதன் ஐயாவுக்கு,

உங்களுக்கு இதைச் சொல்லவே கூடாது என்று இருந்தேன். உங்கள் கடிதம் பத்து நாளாக என்னைத் தூங்க விடவில்லை, அதனால் எழுதுகிறேன். முன்னுரையில் அந்த ‘முழுக்க என் கற்பனை’யை எடுத்துவிட்டேன். பக்கம் 209-க்கு அடிக்குறிப்பும் எழுதி அனுப்பினேன்: ‘இது என் அத்தா இனாமுல் ஹசன் சொன்னது.’ நீங்கள் கேட்டதற்காக அல்ல. அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை அவர் ரூமில் இருக்கும் நேரத்தில் வீடியோ காலில் கூப்பிட்டு மூன்று பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் சொன்னார்:

“நல்லாருக்குத்தா. அந்தப் பிள்ள நிக்கிற எடத்துல எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. யாரு சொன்னது ஒனக்கு?”

“நீங்கதான் அத்தா.”

“நானா?”

“கோல்டு ஸ்டோரேஜ்ல மாட்டிக்கிட்டீகள்ல. நாப்பது நிமிசம். கடைத்தெருவச் சொல்லிக்கிட்டே நடந்தேன்னீக.”

“மாட்டிக்கிட்டது நெசம். நாப்பதெல்லாம் இல்ல, ஒரு பத்து நிமிசம் இருக்கும். நடக்கவும் இல்லையே. மீன் பெட்டி மேல உக்காந்து யாசீன் ஓதிக்கிட்டுக் கெடந்தேன். அந்தக் குளிருல கடைத்தெரு எங்கிட்டு ஞாபகம் வரும்?”

“எண்ணெய்க் கடைக்குப் படி எறங்கணும்னு சொன்னீக.”

“எந்த எண்ணெய்க் கடைக்குத்தா படி?”

அம்மாவிடம் கேட்டேன். அவர்களுக்கும் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதியதுதான் தெரியும். சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வளையல் கடை இருக்கிறது. பாய்க்கடை எதிர்வரிசையில். எண்ணெய்க் கடைக்குப் படியே இல்லை, ரோட்டு மட்டத்துக்குத்தான் இருக்கிறது. இருபது வருடமாக அப்படித்தான் என்றார் கடைக்காரர்.

அத்தா சொன்ன குரல்கூட என் காதில் இருக்கிறது. அவர் சொல்லவில்லை என்கிறார்.

அடிக்குறிப்பை எடுத்துவிடலாம் என்று இன்று காலையில் அத்தாவிடம் சொன்னேன். “எடுக்காதத்தா. இங்க ரூம்ல அத்தன பேர்ட்டயும் சொல்லிட்டேன், எம் மக புத்தகத்துல எம் பேரு வருதுன்னு” என்றார். “நீங்க சொல்லவே இல்லங்கிறீக, அப்புறம் எப்படிப் போடுறது?” என்றேன். “சரி, சொன்னேன்னே வச்சுக்க” என்றார்.

நாளைக்கு அச்சு. அடிக்குறிப்பு இருக்கட்டுமா வேண்டாமா என்று வெங்கட்ராமன் சாயந்தரத்துக்குள் முடிவு கேட்டிருக்கிறார். நான் இன்னும் ஃபோன் செய்யவில்லை.

இதற்குப் பதில் எழுதாதீர்கள்.

சுஹானா